பழைய லயத்தில் ஒரு புது மியூசியம்: எங்கே தொடங்குவது, எதில் கை வைக்கக்கூடாது

"எங்கள் தோட்டத்திலும் ஒரு மியூசியம் போடலாம் என்றிருக்கிறோம். டச் ஸ்கிரீன் எங்கே மலிவாகக் கிடைக்கும்?" இப்படித்தான் இளம்பிள்ளைகள் பேச்சைத் தொடங்குகிறார்கள். இலங்கை மலையகத்துக்குத் தமிழர் வந்த 200 வருடத்தை நினைத்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஜனங்கள் நடந்தார்களே, அதற்குப் பிறகு இந்த ஆசை பல தோட்டங்களில் கிளம்பியிருக்கிறது. கேட்கும்போதே மனசு நிறைகிறது. ஆனால் டச் ஸ்கிரீன் கடைசியாக வரவேண்டிய சாமான். அதற்கு முன்னால் செய்யவேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றில் பாதிக்குக் காசே தேவையில்லை.

நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். சில வருடம் ஒரு காட்சியகத்தில் பழம்பொருட்களைப் பராமரிக்கும் வேலை பார்த்தேன். இப்போது தோட்டப் பள்ளிக்கூடங்களிலும் வாசிகசாலைகளிலும் சின்னக் காட்சி அறைகள் அமைப்பவர்களுக்குக் கூடமாட உதவுகிறேன். கீழே இருப்பதெல்லாம் குளிரும் மழையும் கறையானும் உள்ள நம் ஊருக்குப் பொருந்துகிற வேலைமுறை.

முதலில் இரண்டு இடங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள்

கண்டிக்கு மேலே ஹந்தானையில் 1925இல் கட்டிய தேயிலை ஸ்டோர் (தொழிற்சாலை) ஒன்று, பல காலம் பூட்டிக்கிடந்து, 2001இல் தேயிலை நூதனசாலையாகத் திறந்தது. பழைய உருட்டு மெஷின்களும் அரிக்கும் மெஷின்களும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரின் கதை இருக்கிறது. மேல்மாடியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே மலையைப் பார்க்கலாம். ஒரு ஸ்டோரை இடிக்காமல், தகரத்தையும் இரும்பையும் அப்படியே வைத்துக்கொண்டு எப்படி நூதனசாலையாக்கலாம் என்று படிக்க நல்ல இடம்.

அடுத்து கம்பளைப் பக்கம், நியூ பீகொக் தோட்டத்துக்குப் போங்கள். 2007இல் தொடங்கிய தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையும் ஆவணக் காப்பகமும் அங்கே பழைய லயத்திலேயே, அதாவது தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த வரிசை அறைகளிலேயே இருக்கிறது. ஸ்டோரில் மெஷின் பேசும். லயத்தில் அடுப்பும் அம்மியும் கம்பளியும் பேசும். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், நீங்கள் எதைச் சொல்லப்போகிறீர்கள் என்பது உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

கொழும்பு நூதனசாலை 1877 ஜனவரி 1ஆம் தேதி திறந்தது. கண்ணாடிப் பெட்டி, அதற்குள் ஒரு பொருள், பக்கத்தில் விரலளவு அட்டை: அந்தக் காலத்து நூதனசாலை என்றால் உலகம் முழுக்க இதே ஒழுங்குதான். பொருளைத் தெரிந்தவர் ஒருவர் எழுதுவார், தெரியாதவர் வாசித்துவிட்டு நகர்வார். இது மெல்ல மாறி வந்து, 2022 ஆகஸ்டில் பிராகில் கூடிய உலக நூதனசாலைகள் பேரவை, நூதனசாலை என்றால் என்ன என்ற தன் விளக்கத்தையே திருத்தி எழுதியது. எல்லோரும் வந்துபோகக்கூடியதாக இருக்கவேண்டும், சமூகங்களின் பங்கேற்போடு இயங்கவேண்டும் என்பவை அதில் சேர்ந்தன. என் மனசுக்கு நவீனமாதல் என்பது இதுதான். பொருளுக்குச் சொந்தக்காரர்கள் அட்டை எழுதும் பக்கத்துக்கு வந்துவிட்டார்கள். திரையும் ஒலிபெருக்கியும் அதற்குத் துணை.

சாமானுக்கு முன்னால் ஆளைப் பிடியுங்கள்

மட்டக்கம்பை எடுத்துக்கொள்வோம். ஒரு சாதாரணக் கம்பு. கொழுந்து பறிக்கும்போது செடிகளின் மேல் அதைக் குறுக்கே போட்டு, அதற்கு மேலே தலைநீட்டுவதைப் பறிப்பார்கள். பார்வைக்கு மேசை போட்ட மாதிரி மலை முழுக்க ஒரே மட்டமாகத் தெரிவது இந்தக் கம்பின் வேலை. இதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து "மட்டக்கம்பு" என்று எழுதினால் பார்க்கிற பிள்ளைக்கு அது அடுப்பில் வைக்கிற விறகு. அந்தக் கம்பை முப்பது வருடம் செடிக்கு மேல் போட்டு எடுத்த ஒரு அம்மாயியின் கையில் கொடுத்துப் பாருங்கள். எந்த மரத்துக் கம்பு இலேசு, எவ்வளவு நீளம் வெட்டினால் செடி நிரைக்குள் இடிபடாது, மழையில் எப்படி வழுக்கும், மட்டம் தப்பினால் கங்காணி என்ன சொல்லித் திட்டுவார் என்று எல்லாம் வரும்.

ஆகவே சாமான் சேர்க்கும் முன்பே பதிவு செய்யத் தொடங்குங்கள். கூடை இன்னும் பத்து வருடம் கழித்தும் கிடைக்கும். எண்பது வயது ஆள் கிடைக்கமாட்டார்.

பதிவுக்கு ஒரு நல்ல கைபேசி போதும். சில விஷயங்களை மட்டும் கவனியுங்கள். கைபேசியை ஃபிளைட் மோடில் போடுங்கள். மடித்த துணியின் மேல், பேசுகிறவருக்கு ஒரு முழ தூரத்தில் வையுங்கள். ஒலிப்பதிவு செயலியில் வேவ் வகைக் கோப்பைத் தெரிவுசெய்யுங்கள், அது சுருக்காமல் முழுசாகச் சேமிக்கும். மழை நேரத்தில் லயத்துக்குள் பதிவு செய்யவே வேண்டாம். தகரத்தில் விழுகிற மழை குரலை முழுங்கிவிடும், பிறகு எந்தக் கம்ப்யூட்டராலும் பிரித்தெடுக்க முடியாது. ஞாயிறு பின்னேரம், சாப்பாட்டுக்குப் பிறகு, அடுப்படிப் பக்கம் உட்கார்ந்து பேசுவது நல்லது.

"உங்கள் வரலாற்றைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் யாரும் சொல்லமாட்டார்கள். "என்ன பெரிய வரலாறு, வேலைக்குப் போனோம் வந்தோம்" என்று முடித்துவிடுவார்கள். பொருளைக் கையில் கொடுங்கள். தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்துக் கத்தியைக் கொடுத்தால் தாத்தா உட்கார்ந்த இடத்தில் இருக்கமாட்டார். எழும்பி நின்று, இடது கையால் கிளையைப் பிடிக்கிற மாதிரி பிடித்து, ஒரே இழுப்பில் எப்படிச் சரிவாக வெட்டவேண்டும் என்று காட்டுவார். அதை வீடியோ எடுங்கள். முகம் மட்டும் போதாது, பக்கவாட்டில் நின்று கை, மணிக்கட்டு, கால் வைக்கும் இடம் எல்லாம் விழுகிற மாதிரி எடுக்கவேண்டும்.

தப்பு என்கிற பறை விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். விடியற்காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள்கூடும் இடத்துக்கு) அழைக்கிற அடி வேறு, சாவுக்கு வேறு, காமன்கூத்துக்கு வேறு. இதெல்லாம் பதிவாகவேண்டியவைதான். ஆனால் தப்படித்த குடும்பங்கள் சாதியின் பெயரால் பட்டது நமக்குத் தெரியாததல்ல. சிலர் பெருமையோடு அடித்துக் காட்டுவார்கள். சிலர் "என் பிள்ளைகள் பார்க்கிற இடத்தில் என் பெயர் வேண்டாம்" என்பார்கள். அப்படிச் சொன்னால் அதுதான் முடிவு. ஒலியை மட்டும் வைக்கலாமா, பெயரில்லாமல் வைக்கலாமா என்று அவரிடமே கேளுங்கள். காட்சிக்கு நன்றாக இருக்கும் என்பதற்காக வற்புறுத்தவே கூடாது.

எல்லோரிடமும் சம்மதம் எழுத்தில் வாங்குங்கள். அரைப்பக்கம், எளிய தமிழில்: யார் பேசினார், எங்கே போட அனுமதி (அறைக்குள் மட்டுமா, இணையத்திலுமா), பின்னால் வேண்டாம் என்றால் யாரிடம் சொல்லவேண்டும். வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி, அவர் "சரி" என்பதையும் ஒலியாகப் பதிவு செய்யலாம்.

பதிவேடு

ஒரு நல்ல கட்டுக் கொப்பி வாங்குங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரிசை: எண், பொருள், யார் கொடுத்தது, அவர்களுக்கு எப்படி வந்தது, கொடுத்ததா இரவலா, வந்தபோது எந்த நிலையில் இருந்தது, எங்கே வைத்திருக்கிறது. எண்ணை 2025.1, 2025.2 என்று வருடத்தோடு போட்டால் குழப்பம் வராது. இதையே கம்ப்யூட்டரிலும் யூனிகோட் தமிழில் அடித்து வையுங்கள். நம் அச்சகங்களில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துரு ஓடுகிறது. பாமினியில் அடித்ததை நாளைக்கு அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியும்தான் வரும், தேடவும் முடியாது.

"எப்படி வந்தது" என்கிற அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். 1765இல் டச்சுக்காரர்கள் கண்டியிலிருந்து கொண்டுபோன பீரங்கி நெதர்லாந்தின் ரைக்ஸ் நூதனசாலையில் இருந்தது. 2023இல்தான் இன்னும் ஐந்து பொருட்களோடு இலங்கைக்குத் திரும்பி வந்தது. ஒரு பொருள் எந்தக் கை மாறி எங்கே போனது என்ற எழுத்து இல்லாமல் யாரும் எதையும் திருப்பிக் கேட்க முடியாது. தோட்டத்து அம்மிக்கும் அதே நியாயம்தான். நாளைக்கு யாராவது பேத்தி வந்து "இது எங்கள் அப்பாயியுடையது" என்றால் பதிவேடு அவளுக்குச் சாட்சி சொல்லவேண்டும்.

பொருளின் மேல் எண்ணை நேராகப் பேனாவால் எழுதக்கூடாது. துணிக்கும் கூடைக்கும் பருத்தி நூலில் சின்னத் துண்டு கட்டிப் பென்சிலால் எழுதுங்கள். இரும்பு, மட்பாண்டம் என்றால் அடியில், கண்ணுக்குப் படாத இடத்தில், பாரலாய்ட் பி-72 என்ற பிசின் கரைசலை மெல்லப் பூசி, காய்ந்ததும் அதன்மேல் எழுதி, திரும்ப ஒரு பூச்சு. தேவைப்பட்டால் அசிட்டோனால் துடைத்தெடுக்கலாம்.

எதைத் துடைக்கக்கூடாது

நான் அதிகம் கவலைப்படுகிற இடம் இது. மியூசியம் என்றதும் நம் ஜனங்களுக்கு முதலில் வருகிற எண்ணம் சுத்தம். நல்ல எண்ணம்தான். ஆனால் லயக் காம்பராவுக்கு (அறைக்கு) வெள்ளை பெயின்ட் அடித்து, டைல் பதித்து, புது சீலிங் போட்டுவிட்டால் உள்ளே இருப்பது லயமே இல்லை.

அடுப்புக்கு மேலே சுவரில் படிந்த கரியைத் தொடாதீர்கள். 10 அடிக்கு 12 அடி அறையில், புகைபோக்கி இல்லாமல், கவ்வாத்தில் வெட்டிய குச்சியான மிலாறு எரித்து, மூன்று தலைமுறை சமைத்ததற்கு அந்தக் கரி அத்தாட்சி. கவ்வாத்து முடிந்ததும் மிலாறைக் கட்டித் தலையில் சுமந்து வந்த பெண்களின் நுரையீரல் கதையும் அதில் இருக்கிறது. சுவரில் தகரப் பெட்டி உரசிய தடம், தொட்டில் கட்டிய வளையம், பிள்ளைகள் உயரம் குறித்த கோடு, முருகன் காலண்டர் அடித்த ஆணி: இவற்றை முதலில் படமெடுத்து, ஒரு காகிதத்தில் சுவரை வரைந்து, எது எங்கே என்று குறியுங்கள். கூரை ஒழுகினால் திருத்துங்கள், மின்கம்பி ஆபத்தாக இருந்தால் மாற்றுங்கள். மற்றதை விடுங்கள். இடம் போதவில்லை என்றால் பக்கத்துக் காம்பராவுக்கு வெள்ளையடித்துக் கண்காட்சிக்கு வைத்துக்கொண்டு, ஒரு காம்பராவையாவது வாழ்ந்தபடி வையுங்கள்.

பித்தளைச் சாமானைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். ஒவ்வொரு தேய்ப்பிலும் உலோகம் கொஞ்சம் போகும். நம் வீட்டுக் குடங்களிலும் செம்புகளிலும் கழுத்தருகே புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருப்பார்கள், கவனித்திருக்கிறீர்களா? சீர் கொடுத்த தாய்மாமன் பெயரின் முதலெழுத்து, சிலவற்றில் வருடமும் இருக்கும். என் அம்மாயியின் செம்பில் அவர் பெயரும் அவருடைய அப்பாவின் முதலெழுத்தும் இருக்கின்றன. விரலால் தடவினால் ஒவ்வொரு புள்ளியும் தட்டுப்படும். காணி உறுதியும் வீட்டு உறுதியும் இல்லாத ஜனங்கள் தங்கள் பெயரைத் தாங்களே வெட்டி வைத்த இடம் அது. வாரம் ஒரு தடவை தேய்த்தால் சில வருடத்தில் அந்தப் பெயர் மழுங்கிவிடும். உலர்ந்த மெல்லிய துணியால் தூசு தட்டினால் போதும். கறுத்துப்போயிருந்தால் கறுப்பாகவே இருக்கட்டும்.

கவ்வாத்துக் கத்திக்குத் தேங்காய் எண்ணெய் பூசுகிற வழக்கம் உண்டு. பாவிக்கிற கத்திக்கு அது சரி. காட்சிக்கு வைத்த கத்தியில் எண்ணெய் சிக்குப்பிடித்துத் தூசைப் பிடித்துக்கொள்ளும். மெல்லிய தூரிகையால் தளர்ந்த துருவைத் தட்டி, நன்றாக உலர்த்தி, மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு ஒரு பூச்சுப் பூசுங்கள். சாணை பிடிக்கவே கூடாது. தேய்ந்த விளிம்புதான் அந்தக் கத்தியின் கதை.

ஈரம், வெளிச்சம், பூச்சி

நம் மலைக்கு முதல் எதிரி ஈரம். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் காகிதத்திலும் துணியிலும் பூஞ்சணம் பிடிக்கும். தென்மேல் பருவக்காற்று மாதங்களில் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் அதற்கு மேலே சர்வசாதாரணமாகப் போகும். ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மானியை வாங்கிச் சுவரில் மாட்டி, காலையும் மாலையும் எழுதுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இந்தப் பொறுப்பைக் கொடுத்தால் சந்தோஷமாகச் செய்வார்கள்.

அறை முழுவதையும் உலர்த்தும் மெஷினுக்கு கரண்ட் பில் கட்டி முடியாது. அதனால் அறையை விட்டுவிட்டுப் பெட்டியை உலர்த்துங்கள். ரப்பர் விளிம்புள்ள இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகளோடு காகிதங்களை வையுங்கள். நிறம் மாறுகிற ஜெல்லில் நீலத்தைத் தவிர்த்து ஆரஞ்சு வாங்குங்கள், நீலத்தில் கோபால்ட் இருக்கிறது. நிறம் மாறினால் 120 பாகை செல்சியஸ் அளவில் ஓவன் அடுப்பில் சூடாக்கித் திரும்பப் பாவிக்கலாம். கருங்கல் சுவர் எப்போதும் குளிர்ந்து வியர்க்கும். எந்தப் பொருளையும் படத்தையும் அதில் ஒட்டி வைக்காமல் இரண்டு விரற்கடை இடைவெளி விடுங்கள். தரையிலிருந்து நாலு அங்குலமாவது உயர்த்துங்கள். வெயில் அடிக்கிற நாளில் கதவு ஜன்னலைத் திறந்து வையுங்கள், மூடுபனி இறங்கும் முன் சாத்துங்கள்.

துணி, காகிதம், புகைப்படம் மூன்றுக்கும் வெளிச்சம் 50 லக்ஸுக்கு மேல் வேண்டாம். கைபேசியிலேயே லக்ஸ் அளக்கும் செயலிகள் இருக்கின்றன, உத்தேசத்துக்கு அது போதும். வெயில் நேராக விழுகிற ஜன்னலுக்குக் கோராத் துணித் திரை. எல்இடி பல்பு, மஞ்சள் சாயல் உள்ளது. கல், இரும்பு, மண்சட்டிக்கு இந்தக் கட்டுப்பாடு தேவையில்லை. புகைப்படத்தின் மூலத்தைப் பெட்டியில் வைத்துவிட்டுப் பிரதியைச் சுவரில் மாட்டினால் இந்தத் தொல்லையே இல்லை.

கூடையிலோ கம்பளியிலோ பூச்சி இருந்தால் பாலிதீனில் காற்றுப் புகாமல் கட்டி, வீட்டு டீப் ஃபிரீசரில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் ஒரு நாள் கட்டை அவிழ்க்காதீர்கள், இல்லையென்றால் பொருளின் மேல் தண்ணீர் கோத்துக்கொள்ளும். பூச்சி உருண்டை போடவேண்டாம், வருகிறவர்களின் மூச்சுக்கும் ஆகாது.

தகரப் பெட்டிக்குள் இருக்கிற கடதாசிகள்

சாமானை விடப் பெறுமதியானவை இவைதான். 1948இன் குடியுரிமைச் சட்டம் நம் ஜனங்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். மிச்சம் 150,000 பேரின் கதியைப் பிறகு பார்ப்போம் என்று விட்டார்கள். நாடற்றவர்களாக மிஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்க 2003இல் இன்னொரு சட்டம் வந்தது. இத்தனை வருடமும் எங்கள் பெரியவர்கள் கடதாசிகளைத்தான் கட்டிக் காத்தார்கள். விண்ணப்பம், ரசீது, குடும்பமாக எடுத்த பாஸ்போர்ட் படம், பற்றுச்சீட்டு, பிறப்புச் சான்று. ஒவ்வொரு லயத்திலும் ஒரு தகரப் பெட்டியில் இவை இருக்கின்றன.

இவற்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கே ஸ்கேன் எடுத்து, அன்றைக்கே மூலத்தைத் திருப்பிக் கொடுங்கள். ஒரு நாளும் அந்தக் கடதாசியைக் கண்ணுக்கு அப்பால் விடாத ஜனங்கள் அவர்கள், அதை மதிக்கவேண்டும். எழுத்துக்கு 400 டிபிஐ, புகைப்படத்துக்கு 600 டிபிஐ, டிஃப் வகையில் சேமிப்பு. கைபேசியால் எடுப்பதென்றால் நேர் மேலிருந்து, இரண்டு பக்கமும் சம வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல். திருப்பிக் கொடுக்கும்போது ஒரு பாலியெஸ்டர் உறையில் போட்டுக் கொடுங்கள். லேமினேட் செய்யவேண்டாம் என்றும் சொல்லுங்கள். சூடும் பசையும் காகிதத்துக்குள் இறங்கிவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது. செலோடேப்பும் அப்படித்தான், சில வருடத்தில் மஞ்சளாகிக் காகிதத்தைத் தின்னும்.

அடையாள எண், விலாசம் உள்ளவற்றைக் காட்சிக்கு வைக்கும்போது அந்தப் பகுதியை மறையுங்கள். முழுப் பிரதியைச் சேமிப்பில் மட்டும் வையுங்கள்.

சேமிப்பு மூன்று பிரதிகளாக, இரண்டு வகைச் சாதனத்தில், அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கவேண்டும். இதை யாரும் மிகையாக நினைக்கவேண்டாம். 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. உயிர்களோடு ஒவ்வொரு வீட்டின் கடதாசிகளும் படங்களும் போயின. மண்சரிவு அபாயமுள்ள இடத்தில் இருக்கிற நாம் ஒரே அலமாரியில் எல்லாவற்றையும் வைக்க முடியாது. 2005இல் இருந்து ஈழத்து எழுத்துகளை இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் திட்டம் மலையக ஆவணங்களையும் சேர்க்கிறது. அதுபோன்ற இடத்தில் ஒரு பிரதி சேர்வது நல்லது.

இணையத்தில் போட்டால் இன்னொரு நன்மையும் உண்டு. 1964 ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போனவர்களின் பிள்ளைகள் நீலகிரியில் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கிறார்கள். இங்கே பெயர் தெரியாமல் கிடக்கிற படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அங்கேயிருந்து "நடுவில் நிற்பது எங்கள் பெரியப்பா" என்று பதில் வருகிறது.

அட்டை எழுதுவது

ஒரு அட்டைக்கு 60 சொல்லுக்கு மேல் வேண்டாம். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் ஒரே அளவு எழுத்தில், நின்று வாசிக்கிறவர் கண்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே. சிறு பிள்ளைகளுக்கும் சக்கர நாற்காலிக்கும் எட்டவேண்டும். மூன்று மொழியையும் அந்தந்த மொழிக்காரர் பார்த்துத் திருத்திய பிறகுதான் அச்சுக்குப் போகவேண்டும். நாடெங்கும் பொதுப் பலகைகளில் தமிழ் எப்படிச் சிதைந்து கிடக்கிறது என்று தெரியும். நம் சொந்த அறையிலாவது அது நடக்கக்கூடாது.

"கவ்வாத்துக் கத்தி. தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கருவி. இரும்பு, மரம்" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் போய்ச் சேராது. இப்படி எழுதிப் பாருங்கள்: "சில வருடத்துக்கு ஒருமுறை செடியைத் தரைப்பக்கம் வெட்டி இறக்குவார்கள். ஆண்களின் வேலை. இந்தக் கத்தி ஒருவர் கையில் இருபது வருடம் இருந்தது. பிடியின் இடப்பக்கம் குழிந்திருப்பது அவருடைய பெருவிரல்." அவ்வளவுதான். படிக்கிறவர் குனிந்து அந்தக் குழியைத் தேடுவார்.

உருவப் பொம்மை வைப்பதென்றால் வேலை செய்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டிய பிறகே நிறுத்துங்கள். ஓரிடத்தில் வெளியூர் வடிவமைப்பாளர்கள் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குப் பள்ளிப்பையைப் போலத் தோளில் கூடை மாட்டியிருந்தார்கள். பார்க்க வந்த பெரியம்மா ஒருவர் பேசாமல் கிட்டே போய்க் கயிற்றைக் கழற்றி, பொம்மையின் தலைக்கு மாற்றி, முக்காட்டுத் துணியை மடித்துக் கயிற்றுக்கு அடியில் வைத்தார். "தோளில் போட்டால் கையை எப்படி ஓட்டுவது?" என்று கேட்டார். அப்புறம் இடுப்பில் படங்குத் துணி கட்டவில்லையே என்றார். ஈரச்செடி உரசி உரசித் தொடையெல்லாம் புண்ணாகும், படங்கு இல்லாமல் யாரும் நிரைக்குள் இறங்கமாட்டார்கள். அந்தப் பெரியம்மா போன்ற நாலு பேர்தான் உங்கள் நிபுணர் குழு. அவர்களுக்கு அந்த நாளுக்கான சம்பளத்தையும் பஸ் காசையும் கொடுங்கள். சும்மா கூப்பிடாதீர்கள்.

இப்போது திரைக்கு வருவோம்

இவ்வளவும் கையில் இருந்தால் தொழில்நுட்பம் அழகாக உட்காரும். இல்லையென்றால் வெறும் கண்ணாடிதான். பெரிய டச் ஸ்கிரீன் வேண்டாம் என்பது என் கருத்து. ஈரத்தில் பழுதாகும், திருத்துகிறவர் கொழும்பிலிருந்து வரவேண்டும், அதுவரை அதன்மேல் "பழுது" என்று காகிதம் ஒட்டிக் கிடக்கும்.

முதல் செலவை ஒலியில் செய்யுங்கள். ஆள் கிட்டே வந்ததும் இயங்குகிற சென்சரோடு சின்ன ஒலிபெருக்கி மலிவாகக் கிடைக்கிறது. மட்டக்கம்புக்குப் பக்கத்தில் அந்த அம்மாயியின் குரல் இரண்டு நிமிடம் கேட்டால் போதும். சத்தம் மெதுவாக, அடுத்த பொருளின் குரலோடு மோதாத மாதிரி. ஒரு அறைக்கு ஒன்றிரண்டுக்கு மேல் வேண்டாம்.

அடுத்தது கியூஆர் குறி. வருகிறவர்களிடம் கைபேசி இருக்கிறது, ஆனால் தோட்டத்தில் சிக்னல் இருக்காது. அதனால் ஒலியை மோனோவாக 64 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்குங்கள், இரண்டு நிமிடம் ஒரு எம்பிக்குள் அடங்கும். சிக்னலே இல்லாத இடத்தில் ராஸ்பெரி பை போன்ற உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டர் ஒன்று இணையம் இல்லாமலே அறைக்குள் வைஃபை கொடுத்து எல்லா ஒலியையும் காட்டும். தோட்டத்தில் ஐடி படித்த பிள்ளை ஒருவராவது இருப்பார், அவரைப் பிடியுங்கள். கைபேசி இல்லாமல் வருகிற பெரியவர்களுக்கு மேசையில் ஒரு பழைய டேப்லெட்.

தொட்டுப் பார்க்க ஒரு மேசை கட்டாயம் வேண்டும். மூலப் பொருட்கள் பெட்டிக்குள், பாவிக்கக்கூடிய பிரதிகள் மேசையில். ஒரு கூடையில் மணல் மூட்டை வைத்துத் தலைக்கயிற்றோடு தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். நாளுக்கு 18 கிலோ கொழுந்து கேட்கிற தோட்டங்கள் இருக்கின்றன. அதில் பாதியைப் போட்டாலே பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்.

கடைசியாக, காட்சியைப் பழங்காலத்தோடு நிறுத்தாதீர்கள். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தொங்குதராசு போய் டிஜிட்டல் தராசு வந்துவிட்டது. கூடை போய் நைலோன் சாக்கு வந்துவிட்டது. 2021இல் நாள் சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானி வருவதற்கு முன் எத்தனை வருடம் ரோட்டில் நின்றோம். அந்தப் போராட்டப் பதாகை, இன்றைய சம்பளச் சீட்டு, மழைக்கோட்டு, கொழும்பில் கடையில் வேலைசெய்யும் பிள்ளை அனுப்பிய குரல்செய்தி: இவற்றையும் எண் போட்டுப் பதிவேட்டில் ஏற்றுங்கள். இப்போது குப்பையில் போகிறவை இவைதான்.

சாவி யாரிடம் இருக்கும் என்பதைத் திறப்பதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். இரண்டு சாவி, இரண்டு வீட்டில், ஒன்று பெண்ணொருத்தியிடம். ஞாயிற்றுக்கிழமையில் திறந்திருக்கவேண்டும், வேலைநாளில் திறந்தால் தோட்டத்து ஜனங்கள் வரவே முடியாது. மாதத்தில் ஒரு ஞாயிறு காலை நாலு பேர் சேர்ந்து பெட்டிகளைத் திறந்து பூஞ்சணம், துரு, பூச்சி பார்த்து, ஜெல் மாற்றி, பதிவேட்டில் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள்.